திரும்பிக் கிடக்கும் மரங்கள்

ஓய்வுபெற்ற வனவர் என்று தெரிந்துவிட்டால் சங்கரன்கோவிலில் எவரும் கேட்கிற முதல் கேள்வி, "அண்ணாச்சி, புலியைப் பாத்திருக்கியளா?" என்பதுதான். டீக்கடையில் கேட்பார்கள், பஸ் ஸ்டாண்டில் கேட்பார்கள். ஆடித்தபசுக் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டே ஒருவர் கேட்டார். பார்த்திருக்கிறேன். அதில் என் சாமர்த்தியம் ஒன்றும் கிடையாது. அது பாட்டுக்கு நடந்து போனது, நான் பாட்டுக்கு நடுங்கிக்கொண்டு நின்றேன். நான் மார்தட்டிக்கொள்வது வேறொரு காரியத்துக்கு. அதைத்தான் ஒரு பயல் கேட்பதில்லை. மேற்கே மலையடிவாரத்தில், ஒரு சரிவு முழுக்கக் கருகிக் கிடந்த மரங்களைத் திருப்பிப் போட்டவர்களில் நானும் ஒருவன்.

போன மாதம் கேட்பதற்கு ஆள் வந்துவிட்டது. முத்துச்செல்வி, நான் முன்பு வேலை பார்த்த ரேஞ்சில் இப்போது வனவராக இருக்கிற பெண். எங்கள் தெருவின் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே பைக்கை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டாள். காட்டுத்தீயில் அழிந்த அரசு நிலங்களை விரைவாகச் சீரமைக்க ஒரு சட்டம் கொண்டுவரப் பேச்சு நடக்கிறதாம். வரைவு வந்திருக்கிறது, காட்டில் வேலை பார்ப்பவர்களிடம் கருத்துக் கேட்டிருக்கிறார்கள்.

"சட்டம் போட்டா மழை காத்துக்கிட்டு நிக்குமா?" என்றேன்.

"நிக்காது சார். அதனாலதான் நம்ம ஃபைலும் நிக்கக் கூடாதுன்னு சட்டம் போடுதாங்க."

சுருக்கென்று இருந்தது. ஆனால் எனக்கு அந்தப் பெண்ணைப் பிடிப்பதே அந்த வாய்க்காகத்தான். உள்ளே வந்து உட்கார்ந்து, செல்போனில் இருந்த வரைவை வாசித்தாள். அனுமதிகள் சுருக்கப்படும், கோப்புகள் கீழ்மட்டத்திலேயே முடியும் என்றெல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் இப்படி ஒரு வரி வந்தது: 'எரிந்த மரங்களை உடனடியாக அகற்றி, புதிய கன்றுகளை நட வேண்டும்.'

"நிறுத்து. அதுல வினைச்சொல் என்ன?"

"என்ன சார்?"

"வினைச்சொல். மரத்தை என்ன செய்யச் சொல்லுது?"

"அகற்றி."

"அங்கனதான் கெட்டுது போ" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, அது என் பேச்சே இல்லை. என் பழைய ரேஞ்சர் இசக்கிமுத்து என் வாய்க்குள் உட்கார்ந்துகொண்டு பேசியிருக்கிறார். அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஓடினோம், மலை ஏறினோம், மரங்களின் லத்தீன் பெயர்களை மனப்பாடம் செய்து பரீட்சை முடிந்த மத்தியானமே மறந்தோம். தீயை எப்படி அணைப்பது என்று சொல்லிக்கொடுத்தார்கள். பச்சைக் குழையால் அடிப்பது, எதிர்த்தீ வைப்பது, காற்றைப் பார்த்து நிற்பது எல்லாம் வந்துவிட்டது. தீ அணைந்த மறுநாள் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் ஒருத்தரும் சொல்லித்தரவில்லை. அதை நான் ரேஞ்சரிடம்தான் கற்றேன்.

இசக்கிமுத்து தமிழ் படித்துவிட்டு வனத்துறைக்கு வந்தவர். தமிழாசிரியர் வேலைக்குக் காத்திருந்து காத்திருந்து, கடைசியில் காக்கி போட்டார். குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. எந்தத் தலைபோகிற காரியமாக இருந்தாலும் முதலில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார், சட்டை நுனியால் இரண்டு பக்கமும் துடைப்பார், மாட்டிக்கொண்டு எதிரில் இருப்பவரைப் பார்த்துவிட்டு, "பாப்போம் வே" என்பார். முடியாது என்று அவர் சொன்னதே கிடையாது. எல்லா விதிகளும் இங்கிலீஷில்தான் இருக்கும். அவர் விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகத் தமிழாக்கி, வினைச்சொல் வந்ததும் விரலால் இரண்டு தட்டுத் தட்டுவார். "பெயர்ச்சொல்லைப் பாத்துப் பயப்படாதியும் வே நாயகம். சட்டம் வேலை செய்யுதது வினைச்சொல்லுலதான்." என் முழுப்பெயர் கோமதிநாயகம். முதுகுக்குப் பின்னால் நாங்கள் அவருக்கு 'வினையெச்சம்' என்று பெயர் வைத்திருந்தோம். அவருக்கும் அது தெரியும்.

அந்தப் பங்குனியில் பிடித்த தீயைப் போல நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. மேல்காற்றில் புல் பற்றி, புல்லிலிருந்து புதருக்கு ஏறி, வேங்கை, உசில் என்று வயசான மரங்கள் எல்லாம் அடியில் எரிந்து சாய்ந்தன. அணைத்து முடித்தபோது நரியூத்து ஓடைக்கு இரண்டு பக்கமும் இருந்த வடக்குச் சரிவும் தெற்குச் சரிவும் கரிக்கட்டையாக இருந்தன. விழுந்த மரங்கள் பெரும்பாலும் மேலிருந்து கீழாகவே கிடந்தன. வடக்குச் சரிவுக்கு நேர் கீழே, ஓடை சமதளத்துக்கு இறங்குகிற வாயில் பத்துப் பன்னிரண்டு வீடு. எல்லாரும் ஆடு மேய்க்கிறவர்கள். தெற்குச் சரிவுக்குக் கீழே வீடு கிடையாது, ஒரு மாந்தோப்பும் மோட்டார் ரூமும்தான்.

எரிந்த மண் தண்ணீர் குடிக்காது. தோசைக்கல்லில் எண்ணெய் தடவித் தண்ணீர் தெளித்த மாதிரி அப்படியே வழித்துக்கொண்டு ஓடிவிடும். ஐப்பசி மழை அந்தச் சரிவில் இறங்கினால் மண்ணும் பாறையும் சேர்ந்து நேராக அந்த வீடுகள் மேல் வந்து உட்காரும். இது எங்களுக்குத் தெரியும். மேலே இருந்தவர்களுக்கும் தெரியாமல் இல்லை. ஆனால் எங்கள் இலாகாவுக்கு ஒரு வியாதி உண்டு. காடு எரிந்தது என்றால் உடனே கன்று நட வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும். வந்த உத்தரவு அதுதான், குழி தோண்டு, கன்று நடு. இளகிக் கிடக்கிற சரிவில் ஆயிரக்கணக்கில் குழி தோண்டினால் மழைக்கு நாமே மண்வெட்டி எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

ரேஞ்சர் கண்ணாடியைத் துடைத்தார். "நடுவோம் வே. அடுத்த வருஷம் நடுவோம். இப்ப மண்ணைப் பிடிச்சு நிறுத்தணும்."

எதை வைத்து நிறுத்துவது? கல் தடுப்பணை கட்டுவது என்றால் புதிய பணி, அனுமதிக்குக் கோப்பு சென்னை போய் வர வேண்டும். எழுதினோம். போனது. சித்திரை முடிகிற வரைக்கும் திரும்பவில்லை. சரிவில் மரங்கள் கிடக்கின்றனவே, அவற்றை வைத்து அணை போடலாமே என்றால் அதற்கும் வழி இல்லை. காப்புக் காட்டில் விழுந்து கிடக்கிற குச்சியும் அரசுச் சொத்து. எரிந்த மரம் என்றால் எண் போட வேண்டும், அளக்க வேண்டும், ஏலத்துக்குப் போக வேண்டும். அதுவரை தொடக்கூடாது. நாங்கள் கையைப் பிசைந்துகொண்டு இருந்தோம்.

இந்த நேரத்தில் ஒரு கோடை மழை பெய்தது. பெரிய மழை இல்லை, ஒரு மணி நேரம் இருக்கும். மறுநாள் காலையில் ரேஞ்ச் ஆபீஸ் வாசலில் ஒரே சத்தம். ஃபாரஸ்ட் கார்டு தடுக்கத் தடுக்க, இடுப்பில் ஒரு குடத்தோடு ஒரு பெண் உள்ளே வந்தாள். ஓடை வாயில் முதல் வீடு அவளுடையது, பெயர் பேச்சியம்மாள். முப்பத்தைந்து வயது இருக்கலாம். குடத்தை ரேஞ்சரின் மேஜை மேல் ணங்கென்று வைத்தாள். உள்ளே தண்ணீர் மையைப் போலக் கருப்பாக இருந்தது.

"குடியும்யா" என்றாள்.

ரேஞ்சர் எட்டிப் பார்த்தார். "என்ன தாயி இது?"

"ஓடத்தண்ணி. எங்க புள்ளையளு இதைத்தான் குடிக்கணும்னா நீங்களும் ஒரு வாய் குடியும். தீயை நாங்களா வச்சோம்? விசாரணைன்னு எங்க ஆம்பளையளை மட்டும் வரிசையா கூப்பிட்டு உக்கார வச்சியளே, இப்ப கரித்தண்ணி வருதுன்னு யாரைக் கூப்பிட்டு உக்கார வைக்க?"

நான், "ஏம்மா, ஆபீசர் முன்னால..." என்று வாயெடுத்தேன். "அண்ணாச்சி, நீங்க சும்மா இரிங்க" என்று என் பேச்சை வெட்டிவிட்டாள். ரேஞ்சருக்குக் கோபம் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்றைக்கு மட்டும் அவர் 'பாப்போம்' என்று சொல்லவில்லை. "சரி தாயி. நான் செய்யுதேன்" என்றார். அவள் குடத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அவளுடைய பயம் கரித்தண்ணியைப் பற்றி மட்டும்தான். எங்கள் பயம் அந்தக் கரித்தண்ணிக்குப் பின்னால் வரப்போகிறதைப் பற்றி. அவள் போன பிறகு ரேஞ்சர் சட்டப் புத்தகத்தை எடுத்து, என்னையும் பக்கத்தில் உட்கார வைத்து, விரலை நகர்த்த ஆரம்பித்தார்.

"வெட்டுதல். நாம வெட்டப் போறமா?"

"இல்ல சார், விழுந்து கிடக்கு."

"அறுத்தல்?"

"அறுக்க வேண்டாம்."

"எரித்தல். அது ஏற்கெனவே ஆயாச்சு. அகற்றுதல்." இரண்டு தட்டுத் தட்டினார். "காட்டை விட்டு ஒரு குச்சி வெளிய போகுமா வே?"

"போகாது சார்."

"அப்ப நாம செய்யப் போற வேலைக்கு என்ன வினைச்சொல்?"

நான் யோசித்தேன். "உருட்டுதல்."

"இந்தப் பக்கம் முழுக்கத் தேடும். உருட்டுதல் எங்கனயாவது இருக்கா?" அவர் முகத்தில் ஒரு சின்னப் பையனின் சிரிப்பு. "உருட்டுதல்கூட வேண்டாம் வே, கொஞ்சம் பயமா இருக்கு. திருப்பிப் போடுதல். கிடந்த மரம் கிடக்கத்தான் செய்யுது. நெட்டுக்குக் கிடந்தது, குறுக்குவாட்டுல திரும்பிக் கிடக்கு. அம்புட்டுத்தான்."

மறுநாளே ஆரம்பித்தோம். தீத்தடுப்புக் கோடு சுத்தம் செய்ய அனுமதிக்கப்பட்டிருந்த கூலி ஆட்கள் இருந்தார்கள். ஓடை வாய் ஆட்களும் பாதிப்பேர் வந்தார்கள். வேலையை நான்தான் முன்னால் நின்று நடத்தினேன், அதில் எனக்கு இன்றைக்கும் கர்வம் உண்டு. முதலில் மட்டம் பார்க்க வேண்டும். கொத்தனார் வைத்திருப்பாரே, தண்ணீர் நிறைத்த நீள பிளாஸ்டிக் டியூப், அதன் ஒரு முனையை நானும் மறுமுனையை ஒரு கார்டும் பிடித்துக்கொண்டு சரிவின் குறுக்கே நடப்போம். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கிற இடங்களில் சுண்ணாம்புப் பொட்டு. பொட்டுகளைச் சேர்த்தால் மட்டக்கோடு. அந்தக் கோட்டில் ஆழமில்லாமல் ஒரு பள்ளம் பறித்து, மேலிருக்கிற மரத்தைக் கடப்பாரையால் நெம்பி, கயிறு போட்டு, மெல்ல மெல்லத் திருப்பி அந்தப் பள்ளத்தில் உட்கார வைப்போம். மேல்பக்கத்து இடுக்கில் சரளையும் மண்ணும் போட்டு மிதிப்போம். மட்டம் கொஞ்சம் தப்பினாலும் தண்ணீர் முழுக்க ஒரு முனைக்கு ஓடி, அங்கே புதுசாக ஓர் ஓடையை வெட்டிவிடும். அதனால் ஒரு பொட்டைக்கூட நான் கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாக வைக்க விட்டதில்லை.

ஆட்களில் சிலர் எங்கள் ஊரில் தறி ஓட்டியவர்கள். எத்தனை சொல்லியும் புரியாத ஒன்றை அவர்கள் பாஷையில் சொன்னதும் புரிந்துகொண்டார்கள். "ஏலே, இப்ப இங்கன நெட்டுக்குப் பாவு மட்டும்தான் கிடக்கு. நாம குறுக்க ஊடை ஓட்டப் போறோம்." அதற்கப்புறம் மரத்தை நெம்பும்போதெல்லாம் "ஊடை வருது, ஊடை வருது, கீழ நிக்காத!" என்றுதான் சத்தம்.

வடக்குச் சரிவை முடித்துவிட்டோம். வீடுகளுக்கு மேலே இருப்பதால் ரேஞ்சர் அதைத்தான் முதலில் எடுக்கச் சொல்லியிருந்தார். தெற்குச் சரிவில் டியூப்பைப் பிடிக்கிறோம், மாவட்ட அலுவலகத்திலிருந்து ஜீப் வந்துவிட்டது. இறங்கிய அதிகாரி ரொம்ப நேரம் சரிவைப் பார்த்தார்.

"யாரைக் கேட்டு மரத்தைத் தொட்டீங்க?"

"ஒரு மரமும் வெளிய போகலை சார்" என்றார் ரேஞ்சர். "எண்ணிப் பாத்துக்கிடலாம். எல்லாம் அங்கனதான் கிடக்கு. திரும்பிக் கிடக்கு."

அதிகாரி கெட்டவர் இல்லை. ஒரு நிமிஷம் அவருக்குமே சிரிப்பு வந்து, அடக்கிக்கொண்டது எனக்குத் தெரிந்தது. "எனக்குப் புரியுதுங்க. மேலே கேட்டா நான் என்ன சொல்ல? திரும்பிக் கிடக்குன்னா?" என்றார். வேலையை நிறுத்தச் சொன்னார். ரேஞ்சருக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. விளக்கத்தில் அவர் ஒரே வரிதான் எழுதினார்: எந்த மரமும் அகற்றப்படவில்லை. அவருக்கு அந்த வருஷம் வரவேண்டியிருந்த பதவி உயர்வு நின்றது. நின்றது நின்றதுதான். கடைசி வரைக்கும் ரேஞ்சராகவே இருந்து ஓய்வு பெற்றார். எனக்கு வயிறு எரிந்தது, இன்னும் எரிகிறது. அவரிடம் சொன்னபோது, "விடும் வே, நானும் அகற்றப்படல, திரும்பித்தான் கிடக்கேன்" என்று என்னைச் சிரிக்க வைத்துவிட்டார்.

ஐப்பசி வந்தது. மூன்றாம் நாள் மழையில், காலையிலேயே ரேஞ்சரும் நானும் மழைக்கோட்டோடு ஓடை வாய்க்குப் போய்ப் பேச்சியம்மாள் வீட்டு முற்றத்தில் நின்றோம். தேவைப்பட்டால் எல்லாரையும் மேட்டுக்கு ஏற்றுவதற்கு ஒரு லாரியும் பின்னால் நின்றது. மழை என்றால் அப்படியொரு மழை. பக்கத்தில் நிற்கிற ரேஞ்சர் பேசுவது காதில் விழவில்லை. புலியைப் பார்த்தபோதுகூட நான் அப்படிப் பயந்ததில்லை.

முதலில் சத்தம்தான் வந்தது, மலைக்குள் யாரோ பாறை பாறையாக உருட்டுகிற மாதிரி. ரேஞ்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். சத்தம் வந்தது தெற்குச் சரிவிலிருந்து. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் மலையே வழுக்கி இறங்கியது. மாந்தோப்பு போயிற்று. மோட்டார் ரூம் கூரை வரைக்கும் சேற்றில் புதைந்தது. நல்லவேளை, உள்ளே ஆள் இல்லை.

நாங்கள் இந்தப் பக்கம் திரும்பினோம். வடக்குச் சரிவிலிருந்து நரியூத்து ஓடைக்குத் தண்ணீர் வந்தது. கலங்கலாக வந்தது, நிறைய வந்தது, ஆனால் கரைக்குள்ளேயே வந்தது. வரிசை வரிசையாகப் படுத்திருந்த மரங்கள் ஒவ்வொன்றும் கொஞ்சம் மண்ணைப் பிடித்து வைத்துக்கொண்டு, தண்ணீரை மட்டும் கீழே அனுப்பிக்கொண்டிருந்தன. நான் அழுதேன். மழையில் தெரியாது என்று நினைத்தேன், ரேஞ்சரும் அதே தைரியத்தில்தான் அழுதுகொண்டிருந்தார்.

அப்போது கதவைத் திறந்துகொண்டு பேச்சியம்மாள் வந்தாள். எங்களை மேலும் கீழும் பார்த்தாள். "மழைக்கு ஒதுங்க வேற இடமா இல்ல? ஆட்டைப் பத்தணும், வழியை விடுங்க" என்றாள்.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது முத்துச்செல்வியின் டீ ஆறிப்போயிருந்தது.

"சார், உங்க ரேஞ்சர் சட்டத்துல ஒரு சந்து கண்டுபிடிச்சாரு. அதுக்கே அவருக்கு பிரமோஷன் போச்சு. இப்ப சாட்டிலைட்ல படம் எடுக்காங்க, ஒரு மரம் திரும்புனாலும் தெரிஞ்சிரும். எனக்கு சந்து பத்தாது. நேர்வழி வேணும். அதுக்குத்தான் சட்டம் வேணும்ங்கேன்."

அவள் சொன்னது சரி. நான் ஒப்புக்கொண்டேன். இரண்டு பேருமாக உட்கார்ந்து அந்த வரியைத் திருத்தினோம். அகற்றி என்பதை எடுத்துவிட்டு, 'சரிவிலேயே குறுக்காகக் கிடத்தி, ஒரு மழைக்காலம் கழித்துக் கன்று நடலாம்' என்று போட்டோம். களத்தில் இருக்கிற அலுவலரே இதைச் செய்யலாம் என்பதை அவள் சேர்த்தாள்.

"இதுக்கு ஆதாரம் கேப்பாங்களே சார். ரெக்கார்டு இருக்கா?"

"தெற்குச் சரிவுக்கு இருக்கு. சேத மதிப்பீடே ஒரு கட்டு இருக்கும். வடக்குச் சரிவுக்கு ஒண்ணும் இருக்காதும்மா. நடக்காததுக்கு யாரு ரெக்கார்டு எழுதுதா?"

அவள் விடவில்லை. மறுநாள் என்னைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனாள். சரிவில் அந்த மரங்கள் மக்கிப் போயிருந்தன, காலால் மிதித்தால் மாவாக உதிர்ந்தன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் மேல்பக்கம், அது பிடித்து வைத்த மண்ணில், உசிலும் வேங்கையும் தானாக முளைத்து, அண்ணாந்து பார்க்கிற உயரத்துக்கு வளர்ந்து வரிசையாக நின்றன.

"யாரு சார் இவ்வளவு நேரா நட்டது?"

"யாரும் நடல" என்றேன்.

கீழே ஓடை வாயில் அதே வீடு, இப்போது தளம் போட்டிருக்கிறது. பேச்சியம்மாள் தலை நரைத்து, ஆட்டுக்குக் குழை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு மோர் கொடுத்தாள். முத்துச்செல்வி செல்போனில் ரெக்கார்டிங்கை ஓட விட்டுக் கேட்டாள், "அம்மா, அந்தப் பெரிய தீப் பிடிச்ச வருஷம் ஞாபகம் இருக்கா?"

"நல்லா இருக்கே. தண்ணியெல்லாம் ஒரே கரி. நான்தான் குடத்தோட போயி அந்த ரேஞ்சரை நாலு கேள்வி கேட்டேன். அதோட தண்ணி தெளிஞ்சு போச்சு. கேக்க வேண்டிய இடத்துல கேக்கணும் தாயி."

"சரிம்மா. அந்த ஐப்பசி மழையில வெள்ளம் ஏதும் வந்துச்சா? வீட்டுக்குள்ள மண்ணு ஏதும்?"

பேச்சியம்மாள் அவளை விசித்திரமாகப் பார்த்தாள். "வெள்ளமா? அது தெக்க வந்துச்சு, மாந்தோப்புல. இங்கன என்னத்துக்கு வருது? இங்கன ஒண்ணும் நடக்கலையே."

முத்துச்செல்வி மெதுவாக என் பக்கம் திரும்பினாள். நான் மோர்ச் செம்பைக் கீழே வைத்தேன்.

"பேச்சி, கடைசியா சொன்னியே, அதை இன்னொரு தடவ சொல்லு."

"காது கேக்கலையா அண்ணாச்சி?" அவள் குரலை உயர்த்தினாள். "இங்கன ஒண்ணுமே நடக்கலைங்கேன்!"